எம்.ஏ.வில் குழந்தை இலக்கியம்: எடுத்தாச்சு, இனி எதை ஆராய்வது?

நுங்கம்பாக்கம்_நிழல்:

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு, சென்னையில்தான். இந்த செமஸ்டர் விருப்பப்பாடமாகக் குழந்தை இலக்கியம் எடுத்திருக்கிறேன். பெரோ, கிரிம் சகோதரர்கள், ஆண்டர்சன் என்று தேவதைக் கதைகளில் ஆரம்பித்து, ஆலிஸ், பினோக்கியோ, பீட்டர் பான் வழியாக ஹாரி பாட்டர் வரை வருகிறது பாடத்திட்டம். எல்லாம் ஐரோப்பா. இதில் ஐம்பது பக்கத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் 'ஈஸி பேப்பர்' என்றுதான் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் சித்தப்பா, "பாட்டி சும்மா சொன்ன கதைக்கு ஃபீஸ் கட்டிப் படிக்கிறியா" என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்தத் துறையில் உண்மையில் என்னதான் ஆராய்கிறார்கள்? தமிழையும் சேர்த்து, சென்னையை விட்டு நகராமல் செய்யக்கூடிய தலைப்பு ஏதாவது உண்டா? 'கிரிம் கதைகளில் பெண்கள்' மாதிரி ஊரே எழுதியதை எழுத மனமில்லை.

டீக்கடை_பெஞ்சு:

ஈஸி பேப்பர் என்று எடுத்தவர்களுக்கு என் அனுதாபம். முதல் இன்டர்னலில் தெரிந்துவிடும்.

கோட்டூர்புரம்_மாடி:

இந்தப் பாடத்தைச் சில வருடம் நடத்தியிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு ஒரே கதையை வைத்துப் பதில் சொல்லிவிடலாம்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைச் சொல்லச் சொன்னால் மாணவர்கள் எல்லோருமே, வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்பதோடு முடிப்பார்கள். 1697இல் பெரோ பிரெஞ்சில் வெளியிட்ட கதையில் வேடனே கிடையாது. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியைக் கட்டிலுக்குக் கூப்பிட்டு அவளையும் தின்கிறது, கதை முடிந்தது. அடியில் ஒரு நீதிப் பாட்டு உண்டு. இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பின்னாலேயே வரும் ஓநாய்களிடம் இளம்பெண்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். யாரை மனத்தில் வைத்துச் சொன்ன கதை என்று யோசித்துப் பாருங்கள்.

கிரிம் சகோதரர்கள் இன்னும் சுவாரசியம். 1812இல் முதல் தொகுதி வந்தபோது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது நாட்டார் வழக்கு ஆராய்ச்சி. புத்தகத்தில் ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் இருக்கும். 'இதைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது' என்று ஆட்சேபம் கிளம்பியது. அதிலிருந்து 1857இல் வந்த ஏழாம் பதிப்பு வரைக்கும் தம்பி வில்ஹெல்ம் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். நடுவில் 1825இல் ஐம்பது கதைகளை மட்டும் பொறுக்கி, படம் போட்டு, வீட்டுக்கென்றே ஒரு சிறிய பதிப்பும் வந்தது.

என்ன திருத்தினார்? முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். ஹான்ஸலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொல்பவளும் பெற்றவள்தான், அவள் மாற்றாந்தாய் ஆனது 1840இல். கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ராபன்ஸல் முதல் பதிப்பில் 'என் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது' என்று தன்னை அடைத்துவைத்தவளிடமே வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். இளவரசன் தினமும் வந்துபோனதன் விளைவு. பிந்தைய பதிப்புகளில் அந்தக் கேள்வியே காணோம். ஆனால் ஸ்னோ ஒயிட்டின் கல்யாணத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அரசி சாகும்வரை ஆடுகிறாளே, அது கடைசிப் பதிப்பு வரை பத்திரமாக இருக்கிறது!

கர்ப்பத்தை மறைத்தார்கள், சித்திரவதையை விட்டுவைத்தார்கள். அந்தக் காலத்துப் பெற்றோருக்கு எது உறுத்தியது, எது உறுத்தவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. இதைத்தான் இந்தத் துறையில் ஆராய்கிறோம். பாட்டி கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் எந்தப் பாட்டி, எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

மேடம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. ராத்திரி வாசித்துக் காட்டும்போது நானும்தான் சில வரிகளைத் தாண்டிவிடுகிறேன். இதில் என்ன பெரிய ஆவணம்? பிள்ளை சிரித்தால் நல்ல புத்தகம், கொட்டாவி விட்டால் மோசமான புத்தகம். அதற்குமேல் போய் ஐம்பது பக்கம் எழுதினால் கதையில் இருக்கும் கொஞ்சநஞ்ச ருசியும் போய்விடும் என்பது என் பயம்.

மத்தியகைலாஷ்_சிக்னல்:

அண்ணே, நீங்கள் தாண்டிவிடுகிற அந்த வரிகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. (முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறேன். உதவித்தொகை வந்தால்தான் சோறு, அது வேறு கதை.)

நீங்கள் தாண்டினால் உங்கள் வீட்டோடு போயிற்று. பதிப்பகம் தாண்டினால் உலகத்துக்கே அந்த வரி போய்விடும். 2023 பிப்ரவரியில் ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டாலின் புத்தகங்களில் நடந்தது நினைவிருக்கிறதா? குண்டு, அசிங்கம் என்று ஆட்களை வர்ணிக்கிற இடங்களை எல்லாம் பஃபின் பதிப்பகம் மாற்றியது. பெரிய சண்டை. கடைசியில், பழைய பாடத்தையும் தனியாக விற்கிறோம் என்று அறிவித்தார்கள். கிரிம் காலத்திலும் இதே வேலைதான் நடந்தது. அப்போது எழுதியவரே திருத்தினார், இப்போது எழுதியவர் இறந்து முப்பது வருடம் கழித்துத் திருத்துகிறார்கள். எனக்கு இது ஒன்றும் சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை.

நிழல், நீங்கள் ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பானை வைத்து எழுதிய புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். 'குழந்தைகளுக்கான புனைவு' என்பதே சாத்தியமில்லை என்பது அவர் வாதம். எழுதுவது பெரியவர், அச்சிடுவது பெரியவர், காசு கொடுத்து வாங்குவது பெரியவர், பரிசு கொடுப்பதும் பெரியவர். நடுவில் இருக்கிற குழந்தை, பெரியவர்கள் தங்கள் ஆசைக்குச் செய்துகொண்ட ஒரு பொம்மை என்கிறார். கூர்மையான வாதம். கொஞ்சம் அதிகப்படியாகவும் போகிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. பினோக்கியோவையே எடுங்கள். 1881இல் ரோமில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தது. பதினைந்தாம் அத்தியாயத்தில் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு, கொல்லோடி கதையை முடித்தேவிட்டார். வாசகர்களும் விடவில்லை, பத்திரிகைக்காரர்களும் விடவில்லை. வேறு வழியில்லாமல் பொம்மைக்கு உயிர் கொடுத்து மறுபடி தொடர்ந்தார். 1883இல் முழுப் புத்தகமாக வந்தது. பொய் சொன்னால் மூக்கு நீளும் கட்டம் அந்த இரண்டாவது பாதியில்தான் வருகிறது. யோசித்துப் பாருங்கள், சின்ன வாசகர்கள் அழுது அடம்பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த மூக்கே இல்லை.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

பினோக்கியோவைத் தூக்கில் போட்டார்களா! எங்கள் வீட்டில் இருப்பது டிஸ்னி படத்தைப் பார்த்துப் போட்ட புத்தகம். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ருசி விஷயத்தில் அதே கட்சிதான்.

மூர்மார்க்கெட்_மிச்சம்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். படிப்பு பெரிதாக இல்லை, பழைய புத்தகம் சேர்ப்பவன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனபோது நான் கால்சட்டைப் பையன். அதற்கப்புறம் பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையும் லஸ் பக்கமும்தான் என் கல்லூரி.

தமிழில் கதைப் புத்தகம் தொடங்கிய விதமே வேடிக்கையானது, தங்கச்சி. பரமார்த்த குரு கதையை வீரமாமுனிவர் எழுதியது, தமிழ் கற்றுக்கொள்ள வந்த பாதிரிமார்களுக்குப் பயிற்சிப் பாடமாக. 1826இல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் வந்தது. அவர் நம் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழாசிரியர். அங்கே படித்தவர்கள் கம்பெனி உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார இளைஞர்கள். ஆக, இன்றைக்குப் பேரப்பிள்ளைக்கு என்று நாம் வாங்குகிற இரண்டுமே மீசை முளைத்த ஆட்களுக்கான பாடப்புத்தகங்கள்.

வேதாளமும் அப்படித்தான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் கதாசரித்சாகரம் எழுதியது ராணி சூரியவதி கேட்டு மகிழ. கணவன் தலையும் இன்னொருவன் உடலும் மாறி ஒட்டிக்கொண்டால் அவளுக்கு யார் புருஷன் என்று வேதாளம் கேட்கும் கேள்வி ராணிக்கானது, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கானது இல்லை. 1947 ஜூலையில் அம்புலிமாமா இதே சென்னையில் ஆரம்பித்தது. தோளில் பிணத்தோடு, கையில் கத்தியோடு விக்கிரமன் நடக்கிற அந்தப் படத்தை ஓவியர் சங்கர் போட்டபிறகு, வேதாளம் பிள்ளைகள் சொத்தாகிவிட்டது.

என்னைக் கேட்டால் தலைப்பு பஞ்சதந்திரத்தில்தான் இருக்கிறது. முதல் தந்திரத்தை முழுதாகப் படித்திருக்கிறீர்களா? சிங்கம் பிங்கலகனும் எருது சஞ்சீவகனும் உயிர்ச் சிநேகிதர்கள். தமனகன் என்கிற நரி இருவர் காதிலும் கோள் மூட்டுகிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. நரிக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. மந்திரியாகிறது! சிங்கம் கொஞ்சம் அழுகிறது, நரி அதையும் சமாதானப்படுத்திவிடுகிறது. அவ்வளவுதான். இந்தக் கதை அரபு நாட்டுக்குப் போனபோது, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் எழுதினார். அங்கே புதிதாக ஒரு அத்தியாயமே சேர்ந்தது. நரியை விசாரித்து, குற்றம் நிரூபித்து, கொல்கிறார்கள். அயோக்கியன் ஜெயிப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை.

தமிழில் வந்த சிறுவர் பதிப்புகளில் நரி என்னவாகிறது? கிடைத்த பதிப்பை எல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அந்த நெசவாளி மனைவி கதையும் இருக்கிறதா என்று பாருங்கள், கள்ளப் புருஷனைப் பார்க்கப் போக உதவி செய்த தோழிக்கு மூக்குப் போகுமே, அது. என் கையில் இருக்கும் சிறுவர் பதிப்புகள் எதிலும் அந்த அம்மாளைக் காணோம்.

மத்தியகைலாஷ்_சிக்னல்:

அண்ணே, இதைப் பொதுவெளியில் எழுதிவிட்டீர்களே, நானே திருடிக்கொள்வேன் போலிருக்கிறது.

நுங்கம்பாக்கம்_நிழல்:

யாரும் திருட வேண்டாம், நான் எடுத்துக்கொண்டேன்! ஆனால் பழைய பதிப்புகளுக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரி நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல் என்று ஒரு அலமாரிகூட இல்லை.

மூர்மார்க்கெட்_மிச்சம்:

முதலில் எழும்பூர் கன்னிமரா. 1955லிருந்து நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி அங்கே வர வேண்டும். வெளியிட்டவர் எல்லோரும் ஒழுங்காக அனுப்பியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம், சிறுவர் புத்தகக்காரர்கள் இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பட்டியலை முன்கூட்டியே பார்த்து, எது எது வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். இன்றைய படப் புத்தகங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி. மேடம் வீட்டுப் பக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. சிறுவர் புத்தகங்களில் பாதிக்கு வருடமே போட்டிருக்காது. விலையையும் முகவரியில் இருக்கும் பின்கோடையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். பின்கோடு 1972இல் வந்தது, ஆகவே ஆறு இலக்க எண் இருந்தால் அதற்கு முந்தையது இல்லை.

கோட்டூர்புரம்_மாடி:

பின்கோடு வழி எனக்கே புதிது, நன்றி. நிழல், முன்னுரைகளையும் விடாமல் படியுங்கள். 'இளம் உள்ளங்களுக்கு ஏற்றவாறு' என்று ஒரு வரி எங்காவது இருக்கும். கத்தரிக்கோல் எங்கே விழுந்தது என்பதற்கு அதுதான் தடயம்.

கூடவே அழ. வள்ளியப்பாவையும் படித்துவிடுங்கள். பாடல்களை மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதில் பெரும் பங்கு அவருடையது. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகத்தில் பாடமாக வேண்டும் என்று கடைசிவரை பேசிக்கொண்டிருந்தவர். 1989இல் காலமானார். இன்று அந்தப் பாடம் ஆங்கிலத் துறைகள் வழியாக வந்திருக்கிறது, அதில் அவர் பெயர் இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் ஆத்திரமே உண்டு.

வியாசர்பாடி_டீச்சர்:

எல்லாம் படித்தேன். ஒருவரும் பிள்ளைகளிடம் கேட்கிற பேச்சையே எடுக்கவில்லையே! நான் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். பஞ்சதந்திரத்தின் அந்த நரிக் கதையை முழுசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 'நரி செய்தது தப்பு' என்று எல்லோரும் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தால், பாதி வகுப்பு நரி பக்கம். "மிஸ், அதுக்கு முன்னாடி மந்திரி வேலை இருந்துச்சுல்ல, மாடு வந்து அதைக் கெடுத்துடுச்சுல்ல" என்றான் ஒருவன். கதையில் அது உண்மைதான், அந்த நரிகள் பதவி இழந்த மந்திரியின் பிள்ளைகள். இன்னொருத்தி, "சிங்கம்தான் மிஸ் முட்டாள், ஃபிரண்டு கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல" என்றாள். தண்டனை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது பெரியவர்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது போல.

அரசுப் பள்ளிகளில் இப்போது வாசிக்க நிறைய வருகிறது. தேன்சிட்டு பத்திரிகை வருகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்த குட்டிப் புத்தகங்கள். என் அனுபவத்தில் 'பற' படியில் இருக்கும் பையன் 'நுழை' புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படிப்பான், படம் நன்றாக இருக்கிறதாம். வகைப்படுத்தியவர்கள் இதைப் பார்த்தால் வருத்தப்படுவார்கள்.

நாவல் என்றால் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் சீண்டலைப் பற்றியது. வகுப்பில் வைத்தபோது மாணவிகள் அமைதியாகப் படித்தார்கள். கேள்வி கேட்டது எல்லாம் பெரியவர்கள்.

மத்தியகைலாஷ்_சிக்னல்:

டீச்சர், ரோஸுக்கு நான் சொன்னதைவிட நல்ல பதில் இது. நிழல், உங்கள் கட்டுரையில் ஒரு வகுப்பறைப் பகுதி சேர்க்க முடிந்தால் சேருங்கள். ஆனால் பள்ளி அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் எழுத்தில் வாங்காமல் பிள்ளைகள் சொன்னதை அச்சில் போடக் கூடாது. ஒரு செமஸ்டரில் முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீக்கடை_பெஞ்சு:

எல்லாம் சரி. படித்துவிட்டு வேலை?

கோட்டூர்புரம்_மாடி:

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வுக்கு இந்த ஒரு பாடத்தை நம்ப வேண்டாம், அதற்குத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். பதிப்புத் துறையில் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. துளிகா, தாரா இரண்டும் 1990களில் சென்னையில் தொடங்கிய சிறுவர் பதிப்பகங்கள். தாராவின் கையால் அச்சிட்ட புத்தகங்கள் போலோன்யா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியவை. தமிழில் பாரதி புத்தகாலயம், வானம் மாதிரி ஆட்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சிக்குப் போய் அந்த ஸ்டால்களில் நின்று பேசிப் பாருங்கள். சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நுங்கம்பாக்கம்_நிழல்:

நெறியாளரிடம் பேசிவிட்டேன். தமனகன் தலைப்புக்கு ஒத்துக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. 'தேவதைக் கதையிலிருந்து நாவல் வரை' என்பது பாடத்தின் பெயர், அதனால் ஒரு நாவல் கட்டாயம் வேண்டுமாம். வகுப்பறைப் பகுதி இந்த முறை வேண்டாம், பி.எச்டி.க்கு வைத்துக்கொள் என்கிறார்.

நாவலுக்குப் பினோக்கியோவை வைத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு பக்கம், தப்பித்துப்போன நரிக்குப் பின்னால் வந்தவர்கள் தண்டனை கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், தண்டித்து முடித்த பொம்மையை வாசகர்கள் மீட்டார்கள். இரண்டிலும் முடிவை மாற்றியது மூல ஆசிரியரின் விருப்பம் இல்லை. கிரிம் பதிப்புகள் முதல் அத்தியாயத்தில் பின்னணியாக வரும். ஐம்பது பக்கத்துக்குள் அடங்குமா என்றுதான் கவலை.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

அடங்கும். நரியை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அப்புறம், தமனகன் மந்திரியாகிற மாதிரியே முடிகிற சிறுவர் பதிப்பு கையில் சிக்கினால் பெயரை இங்கே போடுங்கள். மகளுக்கு வாங்க வேண்டும்.

மூர்மார்க்கெட்_மிச்சம்:

என்னிடம் ஒன்று இருக்கிறது, அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. யார் வெளியிட்டது என்று தெரியாது. கடைசிப் பக்கத்தில் பின்கோடு இல்லாத தங்கசாலைத் தெரு அச்சக முகவரி இருக்கிறது. நிழல், ஸ்கேன் செய்து இந்த இழையிலேயே போடுகிறேன், யாருக்காவது அடையாளம் தெரிகிறதா பார்ப்போம்.